புதுப் பொருளா, நண்பனோடு நாலு நாளா?

கையில் கொஞ்சம் பணம் மிஞ்சுகிறது. புது செல்போன் வாங்கலாம். அதே பணத்தில் பழைய நண்பனோடு நாலு நாள் எங்காவது போய்வரலாம்.

செல்போன் வந்த முதல் வாரம், திரையில் ஒட்டியிருக்கும் தாளை உரிக்கக்கூட மனம் வராது. மூன்றாம் மாதம் அதையே கட்டிலில் தூக்கிப் போடுவோம். பொருள் கெடவில்லை, கண் பழகிவிட்டது. 1978-இல் அமெரிக்க உளவியலாளர் பிரிக்மன் குழுவினர் லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை ஆராய்ந்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை. அன்றாடச் சின்னச் சந்தோஷங்களும் அவர்களுக்குச் சுவை குறைந்திருந்தன.

பயணம் அப்படியல்ல. பேருந்தைத் தவறவிட்டு மழையில் நனைந்ததுகூடச் சொல்லச் சொல்ல இனிக்கும். பக்கத்து வீட்டாரின் பயணத்தோடு அதை ஒப்பிட்டுக் குமையவும் தோன்றாது. ஆனால் படம் போட்டுக் காட்டுவதற்காகவே போனால், அதுவும் இன்னொரு பொருள்தான்.

எல்லாப் பொருளையும் ஒதுக்கச் சொல்லவில்லை. தினமும் கைபடும் தையல் மெஷினும் வீணையும் நம்மை வளர்ப்பவை. அலமாரியில் தூங்குபவைதான் சிக்கல்.

வாங்கும் ஆசை வந்தால் பொருளின் பெயரைத் தேதியோடு எழுதி 30 நாள் தள்ளிப்போடுங்கள். விலையை உங்கள் ஒரு மணி நேரச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். 60 என்று வந்தால், தினம் 8 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு அது ஏழரை நாள் உழைப்பு. தவணையில் வாங்கினால் வட்டியையும் சேர்த்தே வகுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.