வளர்ந்த நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால்: இரண்டு வருடத்தில் வாங்கியதும் கைகொடுத்ததும்

எங்கள் ஜூலிக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. லாப்ரடார் கலப்பு, 22 கிலோ, கருத்தடை செய்த பெட்டை. குட்டியாக இருந்தபோதே வாசலைத் தாண்டிப் போய்த்தான் எல்லாம் செய்யும். அப்படிப் பழகியது, இரண்டு வருடங்களுக்கு முன்பு கூடத்திலேயே சிறுநீர் கழிக்க ஆரம்பித்தது. அன்று முதல் வாங்கிச் சேர்த்த பொருள்களில் எது உழைத்தது, எது பரணுக்குப் போனது என்று எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நல்ல பழக்கமுள்ள வளர்ந்த நாய் திடீரென்று தடுமாறினால், கடைச் சாமான் எல்லாம் தரைக்குத்தான் உதவும். நாய்க்கு வேண்டியது மருத்துவர்.

முதலில் வந்தது விரட்டும் ஸ்பிரே. அடித்த இடத்துக்கு நாய் வராது என்று புட்டியில் போட்டிருந்தது. ஜூலி அதை முகர்ந்து பார்த்துத் தும்மியது, ஓரடி தள்ளிப் போய்க் கழித்தது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

அடுத்து, துடைக்கும் திரவம். நம் ஊரில் எதற்கும் பினாயில்தான். அம்மாவுக்குப் பினாயில் வாசனை வந்தால்தான் வீடு சுத்தம். ஆனால் பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமிலம் உப்பாகப் படிந்து தரையைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் எளிதில் கரையாது. ஈரக்காற்று பட்டதும் வாடை மறுபடி எழும், நாயும் அதே இடத்தைத் தேடி வரும். என்சைம் கலந்த திரவம் இந்தப் படிவைச் சிதைக்கிறது. இரண்டு வருடமாக நான் திரும்பத் திரும்ப வாங்கும் ஒரே பொருள் இதுதான்.

ஆனால் அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு திரவத்தைத் தாராளமாக ஊற்றி, லேபிளில் சொன்ன நேரம் வரை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம் என்று போட்டிருப்பார்கள். வேலூர் சித்திரை வெயிலில் மின்விசிறி சுழலும் கூடத்தில் ஊற்றியது கண்ணெதிரே காய்ந்துவிடும். காய்ந்துவிட்டால் என்சைமின் வேலை பாதியில் நின்றுவிடும். நனைத்துப் பிழிந்த துணி ஒன்றை அதன்மேல் விரித்து வைத்தேன், சரியாகிவிட்டது. டைல்ஸின் நடுவில் வாடை தங்குவதில்லை, இணைப்புக் கோடுகளில்தான் தங்குகிறது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்தக் கோட்டில் திரவத்தை இறக்கினேன். பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போட்ட இடத்தில் இது எடுபடாது, முதலில் வெறும் தண்ணீரால் நன்றாக அலசிவிட வேண்டும். வினிகர் ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் சமையலறையில் கடப்பா கல்தான். அது சுண்ணாம்புக் கல் வகை, அமிலம் பட்டால் பளபளப்பு போய் வெளுத்துவிடும். மொசைக் தரைக்கும் அதே கதிதான்.

புற ஊதா டார்ச்சை விளையாட்டாகத்தான் வாங்கினேன், அது நன்றாகவே உழைக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்தால் பழைய கறைகள் மங்கிய மஞ்சள் பச்சையாகத் தெரியும். சோபாவின் பின்கால் ஒன்றை அப்படித்தான் கண்டுபிடித்தோம். சலவைத் தூள் பட்ட துணியும் ஒளிரும் என்பதால் திரைச்சீலையைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இனி, இந்த இரண்டு வருடத்தில் மிக அதிகம் பயன்பட்ட பொருள்: நீளக் காம்புள்ள ஒரு எவர்சில்வர் கரண்டி. குழம்புக் கரண்டிதான். மருத்துவர் விடியற்காலை முதல் சிறுநீரைக் கொண்டுவரச் சொன்னார். இரவு முழுக்கத் தேங்கியிருப்பதால் அதுதான் அடர்த்தியாக இருக்கும். கரண்டியைக் கொதிநீரில் போட்டெடுத்து ஆறவைத்து, சங்கிலியைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தேன். ஜூலி குந்தியதும் கொஞ்சம் பொறுத்துக் கரண்டியை நீட்டினேன். உடனே நீட்டினால் திடுக்கிட்டு எழுந்துவிடும். பால் பாக்கெட் வாங்க வந்த எதிர்வீட்டுத் தாத்தா நின்று பார்த்துவிட்டு, "அந்தக் கரண்டியை மறுபடி சமையலுக்கு எடுத்துவிடாதேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்துக் கடையில் கிடைக்கும் மூடிபோட்ட டப்பாவில் ஊற்றி, முடிந்தவரை சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும். தாமதமாகும் என்றால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், அம்மா சம்மதித்தால்.

அந்தச் சோதனையில் தெரிந்தது சிறுநீர்த் தொற்று. கூடத்தில் கழித்த அளவு கொஞ்சம், ஆனால் அடிக்கடி, முக்கி முக்கி. அதுவே அறிகுறியாம். அடக்க முடியாத அவசரத்தில் நாய் கதவுவரை வந்து, கதவு திறக்காததால் அங்கேயே விட்டிருக்கிறது. மருத்துவர் சொன்ன நாள்வரை மாத்திரையைக் கொடுத்து, பிறகு மறுசோதனையும் செய்தோம். இரண்டாம் நாளே நாய் சரியாகிவிட்டதுபோல் தெரியும். அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் தொற்று திரும்பிவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அதே சமயத்தில் தண்ணீரையும் அளக்கச் சொன்னார். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மீதியைக் கழித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, குஷிங் (உடலில் கார்டிசால் ஹார்மோன் அதிகமாகும் நோய்) என்று வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கும். கருத்தடை செய்யாத பெட்டையாக இருந்தால் கருப்பையில் சீழ் வைத்திருக்கிறதா என்பதையும் உடனே பார்க்க வேண்டும், அது உயிருக்கே ஆபத்து. அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் தாகத்தைக் கூட்டும். ஜூலிக்கு 2.2 லிட்டர் எல்லைக்கோடு. அக்னி நட்சத்திரத்திலும் அதைத் தொடவில்லை. வீடு நனைகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்துவைப்பவர்களை எனக்குத் தெரியும். 40 டிகிரி தாண்டும் ஊரில் அது கொடுமை.

ஒரு வருடம் அமைதியாகப் போனது. பிறகு தூங்கி எழுந்த இடம் ஈரமாக இருக்க ஆரம்பித்தது. இது வேறு கதை. ஜூலிக்கே தெரியவில்லை. எழுந்து, தான் படுத்த இடத்தை முகர்ந்துவிட்டு, யார் செய்தது என்பதுபோல் எங்களைப் பார்க்கும். கருத்தடை செய்த பெட்டைகளுக்கு ஹார்மோன் குறைவதால் சிறுநீர்ப் பாதையின் வாய் தளர்ந்துபோவது உண்டு, அறுவை சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்தும் வரும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்து, வேறெதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகு தினசரி மாத்திரை தொடங்கியது. இப்போது எப்போதாவது ஒருமுறைதான் கசிகிறது.

படுக்கைக்கு உறிஞ்சும் பேடுகளை முயன்றேன். மின்விசிறிக் காற்றில் புரண்டுகொள்ளும், ஜூலி நகத்தால் கிழித்துப் பஞ்சை வீடெங்கும் பரப்பும். வெளியே போய்ப் பழகிய நாய் பேடின்மேல் தானாகக் கழிக்கும் என்று எதிர்பார்ப்பதும் வீண். லாங் பஜாரில் குழந்தைகளுக்கு விற்கும் ரப்பர் ஷீட் வாங்கி, மேலே பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துப் போட்டேன். தோய்க்கலாம், வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பேடுக்கு மாதாமாதம் கொடுத்த பணம் மிச்சம்.

விருதம்பட்டில் தம்பி வீட்டு ஆண் நாய்க்கு இதில் எதுவும் தேவைப்படவில்லை. மயானக் கொள்ளை ஊர்வலம் பாலாற்றுக்குப் போன நாளில் பம்பை சத்தத்துக்கு மிரண்டு கட்டிலுக்கடியில் கழித்தது, பிறகு சில நாள் வெளியே போகவே மறுத்தது. அதற்கு மருந்து, மூடிய உள்ளறையும் உடன் உட்கார ஒரு ஆளும்தான். மூக்கைத் தேய்த்துத் தண்டித்தால் நாய் அடுத்த முறை கண்ணுக்குத் தெரியாத மூலையாகப் பார்த்துக் கழிக்கும் என்பதைத் தம்பிக்குப் புரியவைக்கத்தான் நேரம் பிடித்தது.

கடைசியாக டயப்பர். சென்னைப் பயணத்தில் காரின் சீட்டைக் காப்பாற்றியது, அதற்கு நன்றி. வீட்டில் தினமும் போட்டால் இந்த வெப்பத்தில் தொடை இடுக்கு சிவந்து புண்ணாகிறது. வால் ஓட்டையைச் சரியாகப் பொருத்துவதற்குள் நாய்க்கும் எனக்கும் பொறுமை போய்விடும். பாக்கெட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது, நடுத்தர அளவு. வேலூர் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.