கடப்பா அலமாரி, ஜிப்சம் சீலிங்: புதுப்பித்த வீட்டில் சில ஆண்டுகள்

சென்னைப் புறநகரில் இருக்கும் எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்தபோது, எளிதில் தீப்பற்றாத பொருள்களுக்குத்தான் கூடுதலாகச் செலவு செய்தோம். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் எரியப் போவதில்லை. அவற்றின்மேல் நாம் ஒட்டுவதும் தொங்கவிடுவதும்தான் எரிகின்றன.

அதிகம் யோசித்தது சமையலறைக்குத்தான். தச்சர் காட்டிய பிளைவுட்டில் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை இருந்தது. ‘எதற்கும் தாங்கும்’ என்றார். 710 என்பது தண்ணீருக்கான தரம். தீயைத் தாமதப்படுத்தும் பிளைவுட்டுக்கு ஐஎஸ் 5509 என்று தனித் தரம் உண்டு. கேட்டு வாங்கினோம், விலையும் கூடுதல்தான். ஆனால் அதில் ஏற்றப்படும் உப்புகள் ஈரத்தை இழுக்கக்கூடியவை. சிங்க்கை ஒட்டிய அலமாரியில் சாதாரணத் திருகுகள் துருப்பிடித்து, கதவு தொங்கிவிட்டது. துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளுக்கு மாறிய பிறகு தொல்லை இல்லை. அடுப்புக்குக் கீழே மட்டும் பழைய கடப்பா கல் தட்டுகளை அப்படியே விட்டு அலுமினியக் கதவு போட்டோம். பார்க்க நாகரிகமாக இல்லை என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். வீட்டிலேயே நான் முழுதாக நம்புவது அந்தக் கல்லைத்தான்.

கூடத்துச் சீலிங்குக்கு பிவிசி பேனல் விற்றவர், தீக்குச்சியைக் காட்டி ‘அணைந்துவிடுகிறது பாருங்கள்’ என்றார். அணைந்தது உண்மை. ஆனால் வீடு பற்றிக்கொண்டால் பக்கத்தில் எரிவது தீக்குச்சியாக இருக்காது. அந்தச் சூட்டில் பிவிசி இளகித் தொங்கும், கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவையும் விடும். அதனால் ஜிப்சம் பலகையைப் போட்டோம். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 20 சதவீதம் அதனுள் பிணைந்துள்ள நீர். தீயின் வெப்பம் முதலில் அதை ஆவியாக்கியாக வேண்டும். அதற்குள் வெளியேற அவகாசம் கிடைக்கும். குறை என்னவென்றால், ஏசி குழாய் கசிந்து ஒரு பலகை ஊறிப்போனது, வெட்டி மாற்ற வேண்டியிருந்தது. குளியலறைப் பக்கம் சிமென்ட் ஃபைபர் போர்டு போட்டிருந்தோம், அது அசையவில்லை.

ஒயரில் எஃப்ஆர் (தீயைத் தாமதப்படுத்துவது) என்று மட்டும் இருந்தால் தீ பரவுவது குறையும், புகை குறையாது. புகையும், குளோரின் போன்ற ஹாலஜனும் குறைந்த வகையைப் போட்டோம். எலக்ட்ரீசியன் விலையைச் சொல்லிச் சலித்துக்கொண்டார். கூடவே, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் வைத்தோம். மழைநாளில் சில முறை அது விழுந்து எரிச்சலூட்டியது. தேடினால் ஒவ்வொரு முறையும் மொட்டைமாடி விளக்கில்தான் கசிவு.

மாடித் தகரக் கொட்டகைக்குக் கீழே, வெப்பத்துக்காகத் தெர்மாகோல் ஒட்டலாம் என்றார்கள். அது எரிகிற சரக்கு. 1,000 டிகிரி செல்சியஸ் வரை உருகாத ராக்வூலை, அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சை, அடைத்தோம். வெயில் காலத்தில் நன்றாகவே இருக்கிறது. தகரம் ஒழுகினால் மட்டும் நனைந்து கனத்துவிடும், ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்பே ஆணித்துளைகளை அடைத்துவிட வேண்டும்.

பூஜை அறையில் விளக்குக்கு நேர் பின்னால் தேக்குப் பலகை இன்னும் இருக்கிறது. அங்கே கிரானைட் பதிப்பது குறித்து அம்மாவிடம் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.