மறுவாழ்வு மையமா, காப்பகமும் ஓபி சீட்டுமா?

சென்னையில் பிளாட்பாரத்தில் படுத்துறங்கும் ஒருவரைக் குடியிலிருந்து மீட்க நடைமுறையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரு மாதமோ அதற்கு மேலோ தங்கிச் சிகிச்சை பெறும் போதை மறுவாழ்வு மையம். இன்னொன்று, மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகத்தில் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓபி நோயாளியாகக் காட்டிவருவது. எங்கள் தெருமுனையில் பல வருடங்களாக இருந்த ஓர் அண்ணனுக்காக நண்பர்கள் சேர்ந்து இதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. இரண்டாவதைத் தேர்ந்தோம்.

எந்த வழியானாலும் முதல் வாரம் மருத்துவமனைப் படுக்கைதான். காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் அடங்கும் என்ற நிலையில் இருப்பவரிடம் “இன்றோடு விட்டுவிடு” என்று சொல்வது ஆபத்து. நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்து ஆள் குழம்பி, இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பாடில்லாமல் குடித்தே கிடந்த உடம்பில் தயமின் (வைட்டமின் பி1) சத்தும் தீர்ந்திருக்கும். அதை ஊசி மூலம் ஏற்ற வேண்டும்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்புகளையும் மனநோய்க்குள் சேர்க்கிறது. வீடற்றவர்களுக்கு அரசு மனநல மருத்துவ இடங்களில் இலவசச் சிகிச்சை உரிமை என்றும், வறுமைக்கோட்டு அட்டை கையில் இல்லாவிட்டாலும் அந்த உரிமை உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆதார் இல்லையென்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள். மத்திய சமூகநீதி அமைச்சக நிதியில் நடக்கும் மறுவாழ்வு மையங்களும் உண்டு. தனியார் மையம் என்றால்தான் பணம்.

மறுவாழ்வு மையத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குடிநோய்ச் சிகிச்சைக்காக சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. அமைப்பு இந்தத் துறைக்கே வழிகாட்டியது. நல்ல மையத்தில் கவுன்சலிங், குழுப் பேச்சு, நேரத்துக்குச் சாப்பாடு எல்லாம் ஒழுங்காக இருக்கும். டாஸ்மாக் கண்ணிலேயே படாது. ஆனால் அந்த முறையில் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மனைவியோ அம்மாவோ வந்து உட்கார்ந்து கேட்பார்கள், வீடு திரும்பியதும் அவர்கள்தான் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் அண்ணனுக்கு அப்படி யாரும் இல்லை. நாங்கள் விசாரித்த ஒரு மையத்தில் முதல் கேள்வியே “கையெழுத்துப் போட வீட்டிலிருந்து யார் வருவார்கள்?” என்பதுதான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: மாத்திரை யார் கையில் இருக்கும்? மையத்தில் இருக்கும்வரை அது நர்ஸ் கையில் இருக்கும். வெளியே வரும் நாளில் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். பிளாட்பாரத்தில் அந்தக் கவர் எத்தனை நாள் தாங்கும்? மழையில் நனையும், தூங்கும்போது பையோடு திருட்டுப் போகும், ஓபி சீட்டும் அதோடு போய்விடும். குடியை விடக் கொடுக்கும் டிஸல்ஃபிரம் மாத்திரை என்றால் இன்னும் சிக்கல். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்புமாகி, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் நோயாளிக்கு விவரமெல்லாம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் கொடுப்பார்கள். தினமும் ஒருவர் கண்முன்னால் விழுங்கினால்தான் அது சரியாக வேலை செய்யும். தெருவில் அந்த ஒருவர் யார்?

காப்பகத்தில் அவர் கிடைத்தார். அங்கிருந்த பொறுப்பாளர் மாத்திரையைத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டு, காலை டீயோடு கொடுக்க ஒப்புக்கொண்டார். சீட்டும் அவரிடமே இருந்தது. அண்ணனுக்குப் பெட்டி வைக்க ஓர் இடம், குளிக்கத் தண்ணீர், “இன்று ஏன் லேட்டு?” என்று கேட்க ஓர் ஆள், எல்லாம் அதோடு சேர்ந்தே வந்தன. சாயங்காலம், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கும் அண்ணன் போகிறார். அதற்குக் கட்டணம் கிடையாது, யாரும் போகலாம். ஆனால் தெருவில் இருக்கும்போது கூட்டத்தை மட்டும் நம்புவது கடினம்.

கூரை கிடைத்தால் குடி தானாக நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், குடியை விட வேண்டும் என்ற நிபந்தனை வைக்காமலே வீடற்றவர்களுக்கு வீடு கொடுத்து ஆராய்ந்தார்கள். கொடுத்த வீட்டில் நிலைத்தவர்கள் அதிகம். ஆனால் போதைப் பழக்கம் குறைந்ததில், வழக்கமான உதவி பெற்றவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. கூரையும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும்.

நாங்கள் தேர்ந்த வழியிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. குடித்துவிட்டு வந்தால் அந்தக் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். குடிநோயில் சறுக்கல் சகஜம். சறுக்கிய இரவில்தான் படுக்கை மிகவும் தேவை, அன்றைக்குத்தான் அது இல்லாமல் போகும். இதைப் பொறுப்பாளரிடம் முன்பே பேசி, அப்படி நடந்தால் நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போவது என்று வைத்துக்கொண்டோம்.

ஊசிப் பழக்கம், வலி மாத்திரைப் பழக்கம் இருப்பவர்களுக்கு இதே வழி சரிப்படுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் கிட்டத்தில் இருந்து பார்த்தது குடியை மட்டும்தான். பலமுறை நிறுத்தி, ஒவ்வொரு முறையும் ஓரிரு நாளிலேயே மறுபடி குடிக்கப் போய்விடுகிறவர் என்றால் மையமே மேல் என்று நினைக்கிறேன். அப்போதும் சேர்க்கும் நாளிலேயே, வெளியே வரும் அன்று எந்தக் காப்பகத்தில் படுக்கை, மாத்திரையை அங்கே யார் வாங்கி வைப்பார் என்று பெயரோடு கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.