கிருஷ்ணகிரியில் வாங்கிய பழைய பேஸ் கிதார்: ஐந்து மாதம் வாசித்த பிறகு

தர்மபுரியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார், மிக்ஸி. திருவிழா மாதங்களில் இரவானால் நண்பர்களின் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். பன்னிரண்டு வருடமாக என்னிடம் இருந்த பேஸ் மலிவுச் சரக்கு. சித்திரையில் அதன் கழுத்து ஒரு பக்கம் வளையும், ஐப்பசியில் மறுபக்கம் வளையும். கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி வந்த பிறகுதான் வேறு வாங்குவது என்று முடிவு செய்தேன்.

புதியது வாங்கியிருக்கலாம். ஆனால் 80களின் ஜப்பான் பேஸ் மீது எனக்கு நெடுநாள் கண். 70களில் அமெரிக்கக் கிதார்களை அச்சு அசலாக நகலெடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஜப்பான்காரர்கள். 1977இல் அமெரிக்கக் கிதார் நிறுவனமான கிப்ஸன் தரப்பிலிருந்து, ஐபனெஸ் என்ற ஜப்பான் கிதார் பிராண்டு மீது அமெரிக்காவில் வழக்கே வந்தது. அதையொட்டிச் சொந்த வடிவங்களில் முழுமையாக இறங்கினார்கள். நகலெடுத்துப் பழகிய கையல்லவா, செய்நேர்த்தி அப்படியே நின்றுவிட்டது. ஐபனெஸின் ரோட்ஸ்டார் 2 என்கிற வரிசை 80களைச் சேர்ந்தது.

முதலில் பெங்களூரில் ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். 'விண்டேஜ்' என்று அட்டை தொங்கவிட்டு 55,000 சொன்னார்கள். உடம்பில் தேய்மானம் இருந்தது. ஆனால் கை உரசும் இடத்தில் இல்லை, கண்ணில் படும் இடத்தில் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கோடுகள்கூட ஒரே திசையில் ஓடின. தேநீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கிருஷ்ணகிரிச் சரக்கு தானாக வந்தது. பழையபேட்டையிலிருந்து மோட்டார் கட்ட வந்த ஒருவர் என் கடையில் தொங்கிய பேஸைப் பார்த்துவிட்டு, "எங்கள் தெருவில் ஒருவர் இதே மாதிரி நாலு கம்பிக் கிதார் ஒன்றைப் பரண்மேல் வைத்திருக்கிறார்" என்றார். தை மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். பையில் மல்டிமீட்டர், ஆலன் சாவிகள், டார்ச், காவேரிப்பட்டணத்தில் இறங்கி வாங்கிய நிப்பட்டு ஒரு பொட்டலம்.

விற்பவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். முப்பது வருடம் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் வாசித்தவர். இரவு பத்து மணிக்கு ஏறினால் விடியற்காலை நாலு மணிக்கு இறங்குகிற காலம் அவருடையது. கீபோர்டு வாசிப்பவர் இடது கையிலேயே பேஸையும் வாசிக்க ஆரம்பித்ததும் குழுவிலிருந்து முதலில் கழன்ற ஆள் பேஸ்காரர்தான். சம்பளம் ஒன்று மிச்சம், வேனில் இடம் ஒன்று மிச்சம். கேட்கிறவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் பக்கத்துச் சிற்றூர்ப் பரண்களில் நல்ல பேஸ்கள் தூங்குவதற்குக் காரணம் இதுதான். வாங்க நினைப்பவர்கள் பெருநகரக் கடைகளைச் சுற்றுவதைவிட, பழைய ஆர்கெஸ்ட்ராக்காரர்களை விசாரிப்பது மேல்.

பெட்டியைத் திறந்ததும் விபூதி வாசனை வந்தது. ஆயுத பூஜைக்கு வருடம் தவறாமல் இறக்கிப் பொட்டு வைத்திருக்கிறார். அடர் சிவப்பு நிற ரோட்ஸ்டார் 2. வலது முன்கை படுகிற விளிம்பில் பெயிண்ட் போய் மரம் வெளுத்துத் தெரிந்தது. பெங்களூரில் பார்த்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு சாண் இடத்திலேயே விளங்கிவிட்டது.

"78ஆம் வருடத்துச் சரக்கு தம்பி. 89இல் கப்பலில் வேலை செய்த ஒருவரிடம் மெட்ராஸில் வாங்கினேன். ஒரு திருகுகூடக் கழற்றியதில்லை" என்றார். 35,000 சொன்னார்.

திருப்பிப் பார்த்தேன். உடம்பும் கழுத்தும் சேரும் இடத்தில் நாலு திருகு போட்ட தகடு. அதில் எண் இருந்தது; முதலெழுத்து ஹெச், அடுத்து 84. அந்தக் காலத்து ஜப்பான் ஐபனெஸில் முதலெழுத்து மாதத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் குறிக்கும். ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். ஹெச் எட்டாவது எழுத்து. ஆக, 1984 ஆகஸ்ட். ரோட்ஸ்டார் 2 என்ற பெயரே 78இல் கிடையாது.

அவரிடம் சொன்னேன். டார்ச்சை வாங்கித் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் 78 என்றுதான் சொன்னான்" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை. முப்பத்தைந்து வருடமாக நம்பிய கணக்கு.

கழுத்துக்கு வருகிறேன். பழைய பேஸில் பெயிண்ட் போனால் பரவாயில்லை, வயர் அறுந்தால் பற்றவைக்கலாம். கழுத்து முறுக்கிக்கொண்டால் அது விறகு. தலைப்பக்கம் கண்ணை வைத்து, துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல் இரண்டு விளிம்பையும் பார்த்தேன். இணையாக ஓடின. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, எட்டாவது ஃப்ரெட் அருகே இடைவெளி பார்த்தேன். விசிட்டிங் கார்டு ஒன்று நுழைந்தது. அவ்வளவுதான் வேண்டும். கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியைச் சாவி போட்டுக் கால் சுற்று தளர்த்தி மறுபடி இறுக்கினேன், முனகாமல் திரும்பியது. இந்தக் கம்பி துருப்பிடித்து உறைந்திருந்தால் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், இலவசமாக இருந்தாலும்.

ஃப்ரெட்டுகளில், தடித்த கம்பிக்கு அடியில் மூன்றிலும் ஐந்திலும் பள்ளம் விழுந்திருந்தது. ஆயிரக்கணக்கான இரவுகள் அந்த இரண்டு இடத்தில் விரல் நின்றிருக்கிறது.

அடுத்தது என் தொழில். இந்தப் பேஸில் இரண்டு பிக்கப். முன்னால் இருப்பது இரு துண்டாகப் பிரிந்தது, பின்னால் இருப்பது நீளமான ஒற்றைக் காயில். பிக்கப் என்றால் பெரிய மர்மமில்லை. காந்தத்தைச் சுற்றி எனாமல் கம்பி. மேலே இரும்புத் தந்தி அசைந்தால் காயிலில் மின்சாரம் பிறக்கும். மின்சாரப் பேஸை 1951இல் சந்தைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டரே கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர்தான், கிதார் வாசிக்கத் தெரியாதவர். அதைப் படித்த நாளிலிருந்து என் கடைக்கு ஒரு மரியாதை வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறேன்.

பின்பக்க வால்யூமை முழுதாக மூடி, முன்பக்கத்தைத் திறந்து, ஜாக்கில் மீட்டர் வைத்தேன். ஏறக்குறைய 10 கிலோ ஓம். ஆரோக்கியம். மாற்றிப் பார்த்தேன். ஏழோ எட்டோ கிலோ ஓம் காட்ட வேண்டிய இடத்தில் 480 ஓம். கம்பி அறுந்திருந்தால் மீட்டர் எங்கேயோ எகிறியிருக்கும். முழு ஷார்ட் என்றால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். இது அசையாமல் 480இல் நின்றது. மனக்கணக்குப் போட்டேன். அதே பாபினில் இரண்டு மடங்கு தடித்த கம்பி சுற்றினால் சுற்று நாலில் ஒன்றாகும், மின்தடை பதினாறில் ஒன்றாகும். 7,500ஐப் பதினாறால் வகுத்தால் கிட்டத்தட்ட அதே எண்.

"ஐயா, இந்தக் காயிலை யாரோ மறுபடி சுற்றியிருக்கிறார்கள்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஆமாம், ஒரு தடவை ஆடி மாதம் மேடையிலேயே செத்துவிட்டது. மறுநாள் சேலத்தில் ஃபேன் ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்தேன். ஒரே நாளில் கொடுத்துவிட்டார். அதிலிருந்து பின்னால் கொஞ்சம் சத்தம் கம்மிதான். எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தேன்."

ஒரு திருகுகூடக் கழற்றாத பேஸ்!

28,000க்கு முடிந்தது. இதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புது பிக்கப் வாங்கி மாட்டினால் என்ன செலவாகுமோ அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன். என் கடையில் அதைச் சுற்ற ஆகும் கம்பியின் விலை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவருக்கும் என் தொழில் தெரியும், ஒன்றும் சொல்லவில்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, பெட்டியிலிருந்த தோள்பட்டை வாரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். நிப்பட்டை இருவரும் அங்கேயே தின்று தீர்த்தோம்.

கடைக்கு வந்ததும் செம்புக் கழிவு நிறுக்கிற தராசில் வைத்தேன். 4 கிலோ 100 கிராம். மூன்று மணி நேரம் தோளில் போட்டால் தெரியும். அகலமான வார் வாங்குங்கள்.

பின்பக்கப் பிக்கப்பைக் கழற்றியபோது எனக்கு மெய்யாகவே சிலிர்த்தது. காயிலைச் சுற்றிப் பருத்தி நூல் கட்டு, முனைகளில் மஞ்சள் ஸ்லீவ், மேலே வார்னிஷ். மோட்டாருக்கு நான் என்ன செய்வேனோ அதை அந்தச் சேலத்துக்காரர் இதற்குச் செய்திருக்கிறார். 40 கேஜ் கம்பி. கையில் இருந்ததில் மெல்லியது அதுவாக இருந்திருக்கும். முடிச்சு அவ்வளவு சுத்தம். வார்னிஷ் கல்லாக இறுகியிருந்ததால் பிரித்தெடுக்க வழியில்லை, வெட்டித்தான் எடுத்தேன். வெட்டியதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, மேஜை டிராயரில் கிடக்கிறது.

இதற்கு வேண்டியது 46 கேஜ், தலைமுடி அளவுக்கு மெல்லியது. மோட்டார் சுற்றுகிற இயந்திரத்தில் அது ஒரு நொடி தாங்காது. தையல் மெஷின் மோட்டாரை வேகம் குறைத்து ஓட்டி, கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் துணி வைத்து விட்டேன். முதல் முறை 1,100 சுற்றில் அறுந்தது. இரண்டாம் முறை 6,200இல். அப்போது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அந்தக் காற்றே போதுமாக இருந்திருக்கிறது. மூன்றாம் முறை, விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, வேர்க்க வேர்க்க ஒன்பதாயிரம் சுற்று. வார்னிஷ் போடவில்லை, உருக்கிய மெழுகில் ஊறவைத்தேன். மெழுகு இல்லாவிட்டால் சத்தம் கூட்டும்போது சுற்றுகளே அதிர்ந்து கீச்சிடும்.

மாட்டி வாசித்தால் இரண்டு பிக்கப்பும் தனித்தனியே கணீரென்று இருக்கின்றன, இரண்டையும் சேர்த்துத் திறந்தால் தகர டப்பா. தொழில்காரனுக்கு இது வெட்கக்கேடு. காயிலின் ஸ்டார்ட்டையும் எண்டையும் மாற்றிப் பற்றவைத்திருந்தேன். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. இரண்டு வயரையும் இடம் மாற்றினேன், சத்தம் நிறைந்துவிட்டது.

ஐந்து மாதத்தில் பதினேழு மேடை. கழுத்து பங்குனி வெயிலிலும் அசையவில்லை. முன் பிக்கப் தனியாக வாசித்தால் கொழுத்த, அடக்கமான ஒலி. இளையராஜா பாடல்களில் பேஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகுமே, அதற்குப் பின் பிக்கப்பையும் முக்கால்வாசி திறந்தால் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கிறது. மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி பிசகவில்லை. ஒருநாள் கீபோர்டு நண்பரே இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

குறைகளும் உண்டு. பின் பிக்கப் ஒற்றைக் காயில் என்பதால் தனியாக வைத்தால் இரைகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தடித்த கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ். ஆர்கெஸ்ட்ரா கணக்கில் அது ஐந்து கட்டை. ஆக, மின்வாரியம் எந்நேரமும் ஐந்து கட்டைக்குச் சற்றே ஏறின சுருதியில் பாடிக்கொண்டிருக்கிறது. ஐந்து கட்டைப் பாட்டு வந்தால் முன் பிக்கப்புக்குத் தாவிவிடுகிறேன். இன்னொன்று, இது இந்தப் பேஸின் குற்றமில்லை: கிதாரின் கம்பிகள் ஆம்ப் வழியாக எர்த்தோடு சேர்ந்தவை. ஊர் மேடைகளில் மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு பிளக்கைச் செருகுகிறார்கள். ஒரு திருவிழாவில் மைக்குக்கும் என் கம்பிக்கும் நடுவே மீட்டர் வைத்தேன், 90 வோல்ட். பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் உதட்டை மைக்கில் வைக்கும் முன் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரெட் பள்ளங்களைச் சமன்செய்யவும் புதுக் கம்பிக்கும் பெங்களூரில் 4,500 ஆனது. வால்யூம் குமிழ்களின் கரகரப்பு, கான்டாக்ட் கிளீனர் அடித்ததில் போய்விட்டது. எல்லாம் சேர்த்து 33,000க்குள். இந்த விலைக்குப் புதிதாகக் கிடைப்பதில் இப்படி ஒரு கழுத்தை நான் தொட்டதில்லை. ஆனால் மீட்டர் பிடிக்கத் தெரியாதவர், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போகாமல் இந்த வயதுள்ள பேஸை வாங்க வேண்டாம்.

பங்குனியில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழாவுக்குப் போனபோது அவருக்கு போன் செய்தேன். வந்து மேடைக்குக் கீழே ஸ்பீக்கர் பக்கம் நின்றார். இடைவேளையில், "பின் பிக்கப்பைத் தனியாக வை தம்பி" என்றார். வைத்தேன். நாலு சுரம் கேட்டுவிட்டு, "என் காது சரியாகத்தான் இருந்திருக்கிறது" என்றார்.

பாக்கி இருப்பது ஒரு வேலை. மூன்றாவது கம்பியின் முறுக்காணி தேய்ந்து வழுக்குகிறது, இரண்டு பாட்டுக்கு ஒரு முறை சுருதி இறங்குகிறது. அந்தக் காலத்து ஜப்பான் முறுக்காணி ஒன்று யாரிடமாவது உடைந்த பேஸில் கிடந்தால் சொல்லுங்கள். பணமாக வேண்டாம் என்றால் ஒரு மோட்டார் கட்டித் தருகிறேன்.