தினம் ஒரு ஜோடியா, மாசம் ஒரு ஜோடியா?

முகூர்த்த மாசம் வந்தால் கோவை, திருப்பூர் கண்ணாடிக் கடைகளில் ஒரே கேள்விதான்: "ஏனுங்க, கான்டாக்ட் லென்ஸ் டெய்லி வாங்கறதா, மந்த்லி வாங்கறதா?" கடைக்காரர் விலைப்பட்டியலை நீட்டுவார். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு அலுத்துப்போய் வந்த பிறகும் நாம் ஒழுங்காகச் செய்கிற வேலை எது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மந்த்லிக்கு ஆயுள், உறையைப் பிரித்த நாளிலிருந்து 30 நாள். போட்ட நாளை மட்டும் எண்ணுவது செல்லாது. சனி, ஞாயிறு மட்டும் போடுகிறவர் எட்டு முறை போட்டிருந்தாலும் மாசக் கடைசியில் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். லென்ஸைக் கழுவி ஊறவைக்கிற சொல்யூஷன் செலவு தனி. அவருக்கு டெய்லிதான் சரி. வாரம் ஆறு நாள் போடுகிறவருக்கு டெய்லி என்றால் மாசம் ஐம்பது லென்ஸுக்கு மேல் ஆகும். அங்கே மந்த்லி காசை மிச்சப்படுத்தும்.

டெய்லியின் பெரிய லாபம், கழற்றியதும் குப்பையில் போட்டுவிடலாம். டப்பா இல்லை, சொல்யூஷன் இல்லை. சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறுகிறவர் ஏறும் முன்பே கழற்றி எறிந்துவிட்டுக் கண்ணாடி மாட்டிக்கொள்ளலாம். லென்ஸோடு தூங்கினால் கருவிழியில் கிருமி தொற்றும் ஆபத்து பல மடங்கு கூடும். டெய்லியை ஊறவைத்து மறுநாளும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சிக்கனத்துக்கு மந்த்லியே வாங்கலாம்.

மந்த்லி என்று முடிவானால் அடுத்த போட்டி சொல்யூஷனில். சாதாரண மல்டிபர்பஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும்; கழுவ, ஊறவைக்க எல்லாம் அதே பாட்டில். ஆனால் வேலை நம் விரலில்தான். பாட்டிலில் 'தேய்க்கத் தேவையில்லை' என்று போட்டிருந்தாலும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத்தான் அலச வேண்டும். நேற்றைய சொல்யூஷனோடு புதுசைச் சேர்த்து ஊற்றவே கூடாது. 2006-ல் பூஞ்சைத் தொற்று கிளம்பி பாஷ் அண்ட் லாம்பின் ஒரு சொல்யூஷன் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அப்போது பேசப்பட்ட பழக்கங்களில் இப்படி மிச்சத்தின் மேல் ஊற்றுவதும் ஒன்று.

ஹைட்ரஜன் பெராக்சைடு வேறு ரகம். கிருமியைக் கொல்வதில் கெட்டி; பதப்படுத்தும் ரசாயனம் ஒத்துக்கொள்ளாத கண்ணுக்கும் தோதானது. அதனோடு வரும் உயரமான டப்பாவின் அடியில் பிளாட்டினம் பூசிய சிறு வில்லை இருக்கும். ஊற்றியதும் நுரை பொங்கும். பல பிராண்டுகளில் ஆறு மணி நேரத்தில் அது உப்புநீராகிவிடும். அதற்குள் அவசரப்பட்டு எடுத்துப் போட்டால் கண் எரிந்துபோகும். பாட்டிலுக்குள் இருப்பது பார்க்கத் தண்ணீர் மாதிரிதான். அதனால் நாலு பேர் பாட்டில் ஒரே அலமாரியில் இருக்கும் ஹாஸ்டலில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தனி அறை, ஒழுங்கான தூக்கம் உள்ளவர்களுக்கு என் ஓட்டு பெராக்சைடுக்கே.

எதை வாங்கினாலும் தண்ணீர் மட்டும் ஆகாது. சிறுவாணி இளநீராக இனிக்கலாம். போர் தண்ணீர் காய்ச்சியதாக இருக்கலாம். லென்ஸுக்கு இரண்டும் வேண்டாம். அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி குழாய்த் தண்ணீரிலும் இருக்கும். கூடு கட்டிக்கொண்டால் குளோரினுக்கும் அசையாது. கருவிழிக்குள் இறங்கிவிட்டால் மாசக் கணக்கில் வைத்தியம். குளிக்கும்போதும் லென்ஸ் வேண்டாம். டப்பாவையும் சொல்யூஷனாலேயே அலசி, கவிழ்த்து உலர்த்தி, மூன்று மாசத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒன்று. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் கையில் கிடைத்த பனியன் வேஸ்டில் துடைத்தால் விரல் நுனியில் பஞ்சிழை ஒட்டும். லென்ஸோடு அதுவும் கண்ணுக்குள் போய் உறுத்தும். பழைய வேட்டித் துண்டு தேவலை. கட்டிங் டேபிள், நூல்மில் வேலை நேரத்துக்குக் கண்ணாடியே போதும்.

கண் சிவந்து வலித்தால் உடனே கழற்றிவிடுங்கள். மெடிக்கலில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் தொற்று முற்றிவிடும். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள், லென்ஸையும் டப்பாவையும் கூடவே எடுத்துக்கொண்டு. எந்தக் கிருமி என்று அதிலிருந்தும் வளர்த்துப் பார்ப்பார்கள்.