‘இயற்கை’ என்ற பெயரில் ஒரு ஸ்டாட்டின்: சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்ஸ்யூல்

என் தந்தை இணையவழிக் கடையில் வாங்கிய சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்ஸ்யூலைப் பற்றிய மதிப்புரை இது. கொழுப்பைக் கரைக்கும், கல்லீரலைத் தூய்மையாக்கும், பக்க விளைவே இல்லை என்று டப்பாவின் முன்பக்கம் பெரிய எழுத்தில் உறுதி கூறுகிறது. பின்பக்கத்திலோ ஒரு கேப்ஸ்யூலில் 600 மில்லிகிராம் தூள் என்றிருக்கிறதே தவிர, வாங்குபவர் முதலில் அறிய வேண்டிய விவரமான மொனாக்கொலின் கே (இந்த அரிசியில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருள்) அளவு எங்கும் இல்லை.

ஸ்டாட்டின் என்பது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து வகை; அவ்வகையில் 1987இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டினும் மொனாக்கொலின் கே-யும் வேதியியல்படி ஒரே பொருள்தான். முதல் ஸ்டாட்டினைக் கண்டறிந்த ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோவே, பிற்பாடு மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையிலிருந்து இதையும் பிரித்தெடுத்தார். அரிசியைச் சிவக்கப் புளிக்கவைப்பது அந்தப் பூஞ்சை இனமே. கல்லீரல் கொலஸ்ட்ராலை உற்பத்தி செய்யத் தேவையான ஒரு நொதியை மொனாக்கொலின் கே தடுக்கிறது. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் செல்கள் தம் மேற்பரப்பில் எல்.டி.எல் என்ற ‘கெட்ட’ கொலஸ்ட்ராலைப் பிடிக்கும் ஏற்பிகளைப் பெருக்கி, இரத்தத்திலிருக்கும் எல்.டி.எல்லை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இந்தச் சீராக்கத்தை விளக்கியதற்காகவே பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்க அறிஞர்கள் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. ‘கரைக்கும்’ என்பது விளம்பரப் பேச்சு; ஆனால் போதிய அளவு மொனாக்கொலின் இருந்தால் கேப்ஸ்யூல் வேலை செய்யும். என் கவலையே அதுதான்.

தந்தை ஏற்கெனவே இரவில் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டின் மாத்திரை உட்கொள்கிறார். ஒரே நொதியைத் தடுக்கும் இரண்டைச் சேர்த்து எடுத்தால் தசைவலிக்கும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற இரத்த அளவு உயர்வதற்கும் வாய்ப்பு கூடும் என்று சொல்லி, மருத்துவர் கேப்ஸ்யூலை உடனே நிறுத்தச் செய்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நாளொன்றுக்கு மொனாக்கொலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று வரம்பு விதித்ததோடு, கொலஸ்ட்ரால் மருந்து உட்கொள்வோர் இதைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையையும் கட்டாயமாக்கியது. எங்கள் டப்பாவில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

சில மொனாஸ்கஸ் வகைகள் சிட்ரினின் என்ற சிறுநீரக நச்சையும் உண்டாக்கும். அதற்கான ஆய்வக அறிக்கையைக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். ‘எங்கள் தயாரிப்பு நூறு சதவீதம் இயற்கையானது’ என்ற பதில் மட்டும் வந்தது. பூஞ்சை நச்சும் இயற்கைதானே!

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் அளிக்கிறேன். மொனாக்கொலின் அளவையும் சிட்ரினின் சோதனை முடிவையும் டப்பாவில் அச்சிட்டால் இந்த மதிப்பீட்டை மாற்றத் தயார். அதுவரை, கல்லீரல் நோயுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஸ்டாட்டின் உட்கொள்பவர்களும் இதை வாங்க வேண்டாம்.