சனிக்கிழமை நாற்பது பொட்டலம்

கும்பகோணம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு மெஸ். நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமை ராத்திரிகளில் மகாமகக் குளக்கரையிலும் பஸ் ஸ்டாண்டிலும் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறோம். இரண்டு வருடமாக இங்கேதான் வாங்குகிறோம்.

தயிர்சாதத்துக்கு முழு மதிப்பெண். குழைய வடித்து, பால் தாராளமாக விட்டுப் பிசைகிறார்கள். பத்து மணிக்கும் புளிப்பதில்லை. பல் போனவர்களும் சிரமமில்லாமல் விழுங்கலாம். வாழை இலையில் கட்டுவதால் தட்டு தேட வேண்டியதில்லை. வயிற்றுப்புண்காரர்கள் நிறைய என்பதால் ஊறுகாயைத் தனியாக மடிக்கச் சொன்னேன். கடைக்கார அக்கா மறுவாரமே செய்துவிட்டார். புளியோதரை மட்டும் வாங்காதீர்கள், ஆறினால் விறைத்துவிடுகிறது. குளக்கரைப் பாட்டி ஒருவர், "தம்பி, இது கல்லுப்பா" என்று திருப்பியே கொடுத்துவிட்டார்.

குறையும் உண்டு. போன ஐப்பசி அடைமழையில் ஒரு வார்த்தை சொல்லாமல் கடையைப் பூட்டிவிட்டார்கள். அன்றைக்கு பன்னும் வாழைப்பழமும்தான். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமையே போன் செய்துவிடுகிறேன்.

பொட்டலம் 30 ரூபாய், எங்களுக்கு 25. அம்மா உணவகத்தில் தயிர்சாதம் 3 ரூபாய்தான், ஆனால் அது மதியத்தோடு சரி.

அப்புறம், பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன பெரியவர் யாரையாவது பார்த்தால், மறுநாள் முதியோர் உதவி எண் 14567-க்கு அழைக்கிறோம். காலை 8 முதல் ராத்திரி 8 வரைதான் எடுப்பார்கள்.